பிஜிப் பயணம்: பிப்ரவரியா, ஜூலையா?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பிஜி 300-க்கும் மேற்பட்ட தீவுகள் கொண்ட நாடு. அவற்றில் மூன்றில் ஒரு பங்கில்தான் ஆள் குடியிருப்பு. எல்லாவற்றிலும் பெரியது விட்டி லெவு. வெளிநாட்டு விமானங்கள் வந்து இறங்கும் நாண்டி அதன் மேற்குக் கரையில் இருக்கிறது, தலைநகர் சுவா தென்கிழக்கில். சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது; சிங்கப்பூரில் மாறிப் போவது சுலபம். கடிகாரத்தை ஆறரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், திரும்பி வரும் டிக்கெட்டும் கையில் இருக்க வேண்டும்.

அங்கே பருவம் இரண்டுதான். மே முதல் அக்டோபர் வரை மழை குறைவு. தென்கிழக்குக் காற்று வீசும், சாயங்காலம் மெல்லிய சட்டை ஒன்று மேலே தேவைப்படும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புழுக்கம், மழை, புயல். ஜூலையில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பள்ளி விடுமுறைக் கூட்டம் வந்து இறங்குவதால் விலை ஏறுகிறது. பிப்ரவரியில் அந்தக் கூட்டம் இல்லை, அதனால் டிக்கெட் விலையும் அறை வாடகையும் இறங்குகின்றன. எந்த மாதம் போவது என்பது போகிறவர் விருப்பம். ஆனால் விலை இறங்கும் மாதத்தில் கூட்டம் ஏன் வருவதில்லை என்று ஒரு தரம் கேட்டுக்கொள்வது நல்லது.

2016 பிப்ரவரி 20 அன்று வின்ஸ்டன் புயல் விட்டி லெவுவின் வடகரையில் ஏறியது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர். 44 பேர் இறந்தார்கள். கோரோ தீவில் ஊர் ஊராகக் கூரை போயிற்று. 2012 டிசம்பரில் எவான், 2020 டிசம்பரில் யாசா. புயலே வராத வருடத்திலும் ஆறு விடுவதில்லை: 2009 ஜனவரியிலும் 2012-லும் நாண்டிக் கடைத்தெருவுக்குள் வெள்ளம் புகுந்தது. எச்சரிக்கை வந்துவிட்டால் முதலில் நிற்பது தீவுகளுக்கிடையே ஓடும் படகு, அடுத்தது விமானம். யாசாவா தீவுகளில் மாட்டிக்கொண்டவர் அங்கேதான் இருந்தாக வேண்டும். பயணக் காப்பீட்டை, புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்கு அது பெரும்பாலும் செல்லாது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்த குடும்பத்துக்குத் தண்ணீர் ஏறுவதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

பெட்டியில் வைப்பவற்றிலும் கவனம் வேண்டும். விதை, நெய், தேன், ஊறுகாய் எதுவானாலும் விமான நிலையப் படிவத்தில் எழுதிக் காட்டியாக வேண்டும். மறைத்தால் அபராதம், சொல்லிவிட்டால் அதிகம் போனால் எடுத்து வைத்துக்கொள்வார்கள். அக்கா கட்டிக் கொடுக்கும் பருப்புப் பொடிக்கும் இதே விதிதான். அதை விட்டுவிட்டுப் போனாலும் பட்டினி கிடக்க நேராது. நாண்டியில் ரொட்டியும் கறியும் தெருவுக்குத் தெரு கிடைக்கும்.

மலேரியா அங்கே இல்லை. டெங்கு உண்டு, மழைக்காலத்தில் அதிகம். கொசு விரட்டும் களிம்பும் முழுக்கைச் சட்டையும் பகலிலும் வேண்டும். கிராமங்களில் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். பவளப் பாறை கீறிய காயம் சீக்கிரம் சீழ் பிடிக்கும். நல்ல தண்ணீரில் கழுவி உடனே மருந்து போட வேண்டும், இறங்கும்போதே ரப்பர் செருப்பு இருந்தால் பெரும்பாலும் காயம் படாது. பாறைத்திட்டுக்குள் இருக்கும் கடல் குளம் மாதிரி தெரியும். ஆனால் திட்டில் இடைவெளி உள்ள இடத்தில் வற்றம் ஆளை வெளிக்கடலுக்கு இழுத்துப் போய்விடும். நீச்சல் குளத்தில் பழகிய நீச்சல் அங்கே போதாது. உள்ளூர்க்காரர் இறங்காத இடத்தில் இறங்காமல் இருப்பதே சரி. கரையில் நிற்கும்போது தரை பலமாக நெடுநேரம் ஆடினால், சுனாமிச் சங்கு ஊதும் வரை காத்திராமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

கிராமத்துக்குள் போகிறவர் வெறுங்கையோடு போகக் கூடாது. நாண்டிச் சந்தையில் யங்கோனா வேரைச் செய்தித்தாளில் சுற்றி ரிப்பன் கட்டி விற்பார்கள்; அதை ஊர்த் தலைவர் முன் வைத்து அனுமதி கேட்பது முறை. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கழற்றிவிட வேண்டும், முழங்காலும் தோளும் மூடியிருக்க வேண்டும், யார் தலையையும், குழந்தை தலையையும்கூட, தொடக் கூடாது. பிறகு மரத்தொட்டியில் வேர்ப்பொடியைக் கரைத்து, தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு நீட்டுவார்கள். சேற்றுத் தண்ணீர் நிறம். ஒரு தரம் கை தட்டி, சிரட்டையை வாங்கி, ஒரே மூச்சில் குடித்து, மூன்று தரம் தட்ட வேண்டும். நாக்கு கொஞ்ச நேரம் மரத்துப் போகும், பயப்பட ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கான நாள், அன்று கிராமத்துக்குப் போகாமல் இருப்பது மரியாதை.

1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து கூலி ஒப்பந்தத்தில் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். பாரதியார் நெஞ்சு பொறுக்காமல் பாடிய கரும்புத் தோட்டங்கள் நாண்டியிலிருந்து லௌடோக்கா போகும் சாலையின் இருபுறமும் தெரியும். வீட்டில் பேசுவது இப்போது பெரும்பாலும் பிஜி இந்தி. ஆனால் தென்னிந்தியர் 1926-ல் தொடங்கிய சங்கம் பள்ளிக்கூடங்கள் நடத்துகிறது. நாண்டி முருகன் கோயில் கோபுரம் கடைத்தெரு முடிவில் நிற்கிறது. அந்த வாசலில் நிற்காமல் திரும்புவது நியாயமில்லை. இந்த இரண்டு மாதங்களில் கரும்பு வெட்டுவதும் ஜூலையில்தான் நடக்கும். சின்ன ரயில்கள் கட்டுக்கட்டாகக் கரும்பை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும். பிப்ரவரியில் அதைப் பார்க்க முடியாது.

இதெல்லாம் பயணத்தைத் தடுக்க எழுதியது இல்லை. பிஜி மக்கள் வழியில் போகிறவரையும் ‘புலா’ என்று வணக்கம் சொல்லிச் சிரித்து நிறுத்துகிறவர்கள். இந்த வயதில் பார்க்க வேண்டிய நாடுதான். பிப்ரவரியில் போனாலும் ஆசீர்வாதம் உண்டு, விமான நிலையத்துக்கு வண்டியும் உண்டு. ஜூலையானால் டிக்கெட்டில் கூடும் பணம் மாமாவின் பொறுப்பு. அதை அக்காவிடம் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
மாமா