கறுப்புப் பொன்னும் கழிமுகமும்

நுழையும்முன்
கச்சா எண்ணெய் நமக்கு எவ்வாறு பயன்படுகிறது? அது நீரில் சிந்தினால் யார் துன்புறுகின்றனர்? இவ்விரு வினாக்களுக்கும் இப்பாடம் விடை தேடுகிறது.

பாடம்

பாகாலா ஓர் இருப்புப்பாதைச் சந்திப்பு. காட்பாடி, திருப்பதி, தருமாவரம் ஆகிய மூன்று திசைகளுக்கும் இங்கிருந்து பாதைகள் பிரிகின்றன. இவ்வூரின் அன்றாட வாழ்வை இயக்குவதோ, நிலத்துக்கும் கடலுக்கும் அடியிலிருந்து வரும் ஒரு நீர்மம். சித்தூர் மாம்பழங்களைச் சுமக்கும் லாரிக்கு டீசல், இருசக்கர வண்டிக்குப் பெட்ரோல், சாலைக்குத் தார் ஆகிய யாவும் கச்சா எண்ணெயிலிருந்து கிடைப்பவையே. இதனால் இதனைக் 'கறுப்புப் பொன்' என்பர்.

பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்கள் சேற்றில் புதைந்தன. அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் அவை எண்ணெயாக மாறின. இந்தியாவில் 1889-இல் அசாமின் திக்பாய் என்னும் இடத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டது. ஆந்திரத்தின் கிருஷ்ணா–கோதாவரிப் படுகையிலும் தமிழகத்தின் காவிரிப் படுகையிலும் எண்ணெயும் எரிவாயுவும் கிடைக்கின்றன. ஆயினும், நம் நாட்டின் தேவையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது.

கச்சா எண்ணெயை அப்படியே பயன்படுத்த இயலாது. சென்னையை அடுத்த மணலியில் 1969 முதல் இயங்கும் சுத்திகரிப்பு ஆலை போன்ற இடங்களில் அது சூடாக்கப்பட்டு, உயர்ந்த கோபுரம் ஒன்றினுள் செலுத்தப்படுகிறது. இலேசான எரிவாயுவும் பெட்ரோலும் மேலே எழுகின்றன. மண்ணெண்ணெயும் டீசலும் நடுவில் பிரிகின்றன. தார் அடியில் தங்குகிறது.

இத்தொழிலால் பலருக்கு வேலை கிடைக்கிறது; போக்குவரத்து நடைபெறுகிறது. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதின. சிந்திய எண்ணெய் கரையில் கூழ்போல் படிந்தது. கடலோரக் காவல் படையினரும் மாணவரும் தன்னார்வலரும் வாளிகளால் அதனை அள்ளினர். மீன் வாங்க மக்கள் அஞ்சியதால், மீனவரின் வருவாய் குன்றியது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் பெருமழையில், மணலி ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. வீட்டுச் சுவர்களிலும் படகுகளிலும் வலைகளிலும் கறுப்புக் கறை ஒட்டியது. மீன் பிடித்த கைகளே எண்ணெயை அள்ள நேர்ந்தது.

எண்ணெய் நீரைவிட இலேசானது. எனவே மிதந்து படலமாகப் பரவும். அப்படலம் நீருக்குள் காற்றும் ஒளியும் செல்வதைத் தடுக்கும். பறவையின் இறகில் ஒட்டினால், அது பறக்கவும் நீந்தவும் இயலாது தவிக்கும். அலையாத்தி மரங்களின் மூச்சு வேர்களில் படிந்தால் அவை மூச்சுத் திணறும். அவ்வேர்களின் இடையே வளரும் இறால், நண்டுக் குஞ்சுகளும் அழியும்.

எண்ணூர் நமக்குத் தொலைவான ஊர் அன்று. சித்தூர்ப் பகுதி மலைகளில் தோன்றும் நகரி ஆறு கொசஸ்தலை ஆற்றில் கலக்கிறது. அவ்வாறு பூண்டி ஏரியைக் கடந்து எண்ணூரில்தான் கடல் சேர்கிறது. நம் பக்கத்து மலையில் பெய்யும் மழையின் ஒரு பகுதி அக்கழிமுகத்துக்கே செல்கிறது.

எண்ணெய் வேண்டுமா, வேண்டாவா என்பதற்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது. அதனால் பயன் பெறுவோர் பலர். அது சிந்தும்போது முதலில் துன்புறுவோர் கரையில் வாழும் சிலர். அச்சிலருக்கு நாம் அனைவரும் கடன்பட்டுள்ளோம்.

சொற்பொருள்
நீர்மம் – திரவம்
படுகை – ஆறு படியச்செய்த நிலப்பகுதி
கழிமுகம் – ஆறு கடலோடு கலக்கும் இடம்
அலையாத்தி – உப்புநீரில் வளர்ந்து அலையின் வேகத்தைத் தணிக்கும் மரம்
குன்றியது – குறைந்தது

பயிற்சி
அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. கொசஸ்தலை ஆறு ________ என்னுமிடத்தில் கடலில் கலக்கிறது.
2. சுத்திகரிப்புக் கோபுரத்தின் அடியில் தங்குவது ________.

ஆ. ஓரிரு தொடரில் விடை எழுதுக.
1. எண்ணெய் நீரில் மிதப்பது ஏன்?
2. 2017-ஆம் ஆண்டு விபத்தால் மீனவரின் வருவாய் குன்றியது ஏன்?

இ. பிரித்து எழுதுக: கழிமுகத்தையடைந்தது, அவ்வேர்கள், அப்படலம்.

ஈ. செயல்பாடு: ஒரு நாளில் உன் வீட்டில் எண்ணெயின் துணையால் நடைபெறும் செயல்களைப் பட்டியலிடுக. அவற்றுள் எதனைக் குறைக்கலாம் என்று பெற்றோருடன் தமிழில் உரையாடி, ஐந்து தொடர்கள் எழுதுக.