கையும் கருவியும்: தோல் தொழிலில் அதிர்வு விளைக்கும் ஊறு

அதிர்வு, விதிர்ப்பு என்னும் இரண்டு உரிச்சொற்களும் நடுக்கம் என்னும் குறிப்பினை உணர்த்துவன என்று தொல்காப்பிய உரியியல் கூறும். பழம்புலவர் அறிந்த நடுக்கம் அச்சத்தால் வருவது, குளிரால் வருவது, முதுமையால் வருவது. மின்விசையால் இயங்கும் பொறியொன்று, தன்னைப் பற்றிய கைக்குள் நாள்தோறும் பல மணி நேரம் செலுத்தும் நடுக்கத்தை அவர்கள் அறிந்திலர். நம் ஊர்த் தொழிலாளர் அறிவர். ஆயினும் அதனை ஒரு நோய்க்குக் காரணம் என்று எண்ணுவார் நம்மிடையே மிகச் சிலரே. அந்நடுக்கத்தின் விளைவையும் அதனைத் தடுக்கும் வழியையும் இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

பாலாற்றையொட்டி இராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனத் தொடரும் ஊர்களின் வாழ்வு தோலோடு பிணைந்தது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தன, தொழில் பிரியவில்லை. இத்தொழிலின் கேடு குறித்து எழுந்த பேச்செல்லாம் ஆற்றைப் பற்றியும் குரோமியத்தைப் பற்றியுமே இருந்தது. 28-8-1996 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் நீரையும் நிலத்தையும் பற்றியதே. அது வேண்டிய பேச்சுதான். ஆனால் தோலைத் தொட்டு வேலை செய்யும் கையைப் பற்றிய பேச்சு உடன் எழவில்லை.

சட்டமும் இதில் முந்திக்கொள்ளவில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், மருத்துவர் கண்டவுடன் அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களை ஓர் அட்டவணையில் தொகுத்திருந்தது. தோல் தொழிலுக்கு நெருங்கிய ஆந்த்ராக்ஸ் அதில் உண்டு. குரோமியப் புண் உண்டு. இரைச்சலால் செவித்திறன் இழப்பதும் உண்டு. அதிர்வால் வரும் கைநோய் இல்லை. பன்னாட்டுத் தொழில் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலிலோ அதிர்வால் தசை, எலும்பு, மூட்டு, குருதிக்குழாய், நரம்பு ஆகியவற்றில் வரும் நோய்கள் தெளிவாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

நோய் புதிதன்று. 1911இல் இத்தாலிய மருத்துவர் லோரிகா, காற்றழுத்தக் கருவிகளைக் கையாண்ட சுரங்கத் தொழிலாளரின் விரல்களில் இதனைக் கண்டு எழுதினார். 1918இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துப் பெட்ஃபோர்டு என்னும் ஊரில், சுண்ணாம்புக்கல் செதுக்குவோரை ஆலிஸ் ஹாமில்டன் என்னும் பெண் மருத்துவர் ஆராய்ந்தார். குளிர்காலக் காலைகளில் அவர்களுடைய விரல்கள் இரத்தமற்று வெளுத்து, உணர்விழந்து போயின. அவர்கள் அதனைச் செத்த விரல் என்றே அழைத்தனர். நம் வடஆர்க்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சென்ற பல்லாயிரவரில் பாறை துளைக்கும் வேலை செய்தோர் எத்தனை பேர்! அவர்களுடைய கைகளின் கதையை எழுதி வைத்தவர் எவரையும் யாம் கண்டிலேம்.

தோல் வட்டாரத்தார் கருதத்தக்க செய்தி பிரிட்டனிலிருந்து வருகிறது. அந்நாட்டரசு 1985இல் வெண்விரல் நோயை இழப்பீட்டிற்குரிய தொழில்நோயாக ஏற்றது. எந்தெந்த வேலை செய்தோர்க்கு அவ்வுரிமை உண்டு என வரையறுத்தபோது, மரமறுக்கும் சங்கிலி வாள், உலோகம் தேய்க்கும் கிரைண்டர், பாறை துளைக்கும் டிரில் ஆகியவற்றோடு காலணித் தொழிலையும் ஒரு தனி வகையாகச் சேர்த்தது. லாஸ்ட் எனப்படும் அச்சின்மீது இழுத்து மடித்த தோலின் விளிம்பைத் தட்டிச் சமனாக்கும் பொறியில், அடிபடும் பொருளைக் கையால் பிடித்திருப்பதே அவ்வகை. ஈண்டு ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். அங்கே தொழிலாளியின் கையில் கருவி இல்லை; பொருள்தான் இருக்கிறது. பொறி தரையில் அசையாது நிற்கிறது. அடியின் அதிர்வோ பொருள் வழியே விரலுக்குள் புகுகிறது. சுழலும் கம்பித் தூரிகையில் ஷூவின் அடிப்புறத்தைச் சொரசொரப்பாக்குவோர், எமரிச் சக்கரத்தில் சோலின் விளிம்பைத் தேய்ப்போர், பழைய கைவகை ஸ்டேக்கிங் மெஷினில் தோலைப் பிடித்து நிற்போர் ஆகியோரின் நிலையும் இத்தன்மையதே. பெரிய தொழிற்சாலைகள் பலவற்றில் தோலைப் பட்டைகளுக்கிடையே தானே இழுத்துச் செல்லும் பொறிகள் வந்துவிட்டன என்பது உண்மை. சிறு தொழிற்கூடங்களில் பழையன கழிதல் அத்துணை விரைவாக நிகழ்வதில்லை.

உடலுக்குள் நிகழ்வது என்ன? இடைவிடாத அதிர்வால் விரலின் நுண்ணிய குருதிக்குழாய்கள் கெடுகின்றன, குளிர் பட்டவுடன் அவை அளவுக்கு மீறிச் சுருங்குகின்றன, விரல் வெளுக்கிறது. தொடுவுணர்வைத் தாங்கும் நரம்பு முனைகளும் உடன் கெடுகின்றன. முதலில் எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு, பின்னர் மரத்துப்போதல், பின்னர்ப் பிடி தளர்தல். சட்டைப் பொத்தானை மாட்ட இயலாமை, கீழே விழுந்த நாணயத்தை எடுக்க இயலாமை, ஊசியில் நூல் கோக்கத் தடுமாறுதல் என இல்லத்திலேயே இது வெளிப்படும். தொடக்கத்திலேயே அதிர்வை விட்டு நீங்கினால் ஓரளவு மீட்சி உண்டு. முற்றிய நிலையில் நரம்பின் கேடு பெரும்பாலும் நிலைத்துவிடும். தமிழில் ஊறு என்னும் ஒரு சொல்லே தொடுவுணர்வையும் குறிக்கும், துன்பத்தையும் குறிக்கும். ஊற்றைப் பறிக்கும் இந்த ஊறு அவ்விரு பொருளுக்கும் உரியது.

இந்நோய்க்கு வெண்விரல் என்று பெயரிட்டவர்கள் குளிர்நாட்டினர். நம் வெயிலில் விரல் வெளுப்பது அரிது. மலேசியா போன்ற வெப்ப நாடுகளில் நடந்த ஆய்வுகளிலும் வெளிறலைவிட மரத்தலும் குறுகுறுப்புமே மிகுதியாகக் காணப்பட்டன. ஆகவே விரல் வெளுக்கவில்லை, நோய் இல்லை என்று முடிவு கட்டுதல் பிழை. வேலூரின் கோடை குருதிக்குழாயின் குறியை மறைக்கும். நரம்பின் கேட்டைத் தடுக்காது.

மரத்த கையின் இடர் யாது என்பதை உலகிற்குத் தெளிவாக உணர்த்திய ஊர்களுள் வேலூரும் ஒன்று. 1946இல் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயாளரின் விரல்கள் தாமே அழுகி விழுவதில்லை, வலி தெரியாமையால் நேரும் காயங்களும் சூடுகளுமே விரல்களை அழிக்கின்றன என்று கண்டார். வலி என்பது காவல் என்னும் அவ்வுண்மை ஷூ கம்பெனிக்கும் பொருந்தும். வெட்டும் அச்சின் கீழ்த் தோலை வைக்கும் விரல் தன் இருப்பிடத்தைத் தானே உணர வேண்டும். உணராவிடில் அதிர்வின் கேட்டோடு நில்லாது, விரலே போகும் விபத்தும் நேரக்கூடும். கை மரத்தால் தொழுநோயோ என்றஞ்சி வெளியே சொல்லாதிருப்போரும் இருத்தல் கூடும். நீரிழிவாலும் கை மரக்கும். மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டாலும் மரக்கும். அந்நெருக்கத்திற்கும் அதிர்வு ஒரு காரணமாகலாம். எது என்று தெளிய வேண்டியவர் மருத்துவர். ஆனால் என்ன வேலை செய்கிறோம், எந்த மெஷினில் எத்தனை ஆண்டு என்பதை இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் தொழிலாளர்தாம் எடுத்துரைக்க வேண்டும். கேட்கப்படாமலேயும் சொல்லலாம்.

அதிர்வை அளக்க இயலும். முடுக்கமானி என்னும் சிறு கருவியைக் கைப்பிடியில் பொருத்தி மூன்று திசைகளிலும் அளப்பர். ஐரோப்பிய நாடுகள் 2002இல் வகுத்த நெறிமுறைப்படி, 8 மணி நேரத்திற்குச் சமப்படுத்திய அளவு வினாடி வர்க்கத்திற்கு 2.5 மீட்டரை எட்டினால் முதலாளி நடவடிக்கை தொடங்க வேண்டும். 5 மீட்டரைத் தாண்டவே கூடாது. கணக்கு எளிது. 5 மீட்டர் அதிர்வுள்ள கருவியை 2 மணி நேரம் பிடித்தால் முதல் வரம்பு வந்துவிடும். 10 மீட்டர் அதிர்வுள்ள கருவியில் அரை மணியிலேயே அவ்வரம்பு வரும். 2 மணி நேரத்தில் மேல் வரம்பும் வந்துவிடும். அதாவது அதிர்வு இருமடங்கானால் நேரத்தை நான்கில் ஒன்றாகக் குறைக்க வேண்டும். வணிகவியல் மாணவர் இதனை வட்டிக் கணக்கினும் விரைவாகப் போட்டுவிடுவர்.

தடுக்கும் வழிகளில் தலையாயது பொறியைச் சீர்ப்படுத்துதல். தேய்ந்த பேரிங், சமன் தவறிய சக்கரம், மழுங்கிய கத்தி ஆகியவை அதிர்வைப் பெருக்கும். பொருளைக் கைக்கு மாற்றாகப் பிடிக்கும் தாங்கி அமைக்கலாம். இறுக்கிப் பிடிக்குந்தோறும் அதிர்வு மிகுதியாகக் கைக்குள் செல்லும் என்பதைப் புதிதாகச் சேர்வோர்க்குக் கற்பிக்கலாம். புகைத்தல் குருதிக்குழாயைச் சுருக்கும். பீடியை விடுதல் கைக்கும் நலம். கையுறையைப் பற்றி மட்டும் எச்சரிக்கை தேவை. அதிர்வு தடுக்கும் கையுறை உயர்ந்த அதிர்வெண்ணில் சிறிதே உதவும். தாழ்ந்த அதிர்வெண்ணில் பயனில்லை. சுழலும் சக்கரத்தின் அருகில் அது சிக்கிக் கையையே இழுத்துவிடவும் கூடும். கையுறை வாங்கிக் கொடுத்தாயிற்று என்று நிறைவு கொள்ளும் மேலாளரை யாம் பாராட்டுவதற்கில்லை.

ஆளை மாற்றி மாற்றி நிறுத்துதல் நல்ல வழி என நூல்கள் எழுதும். பீஸ் ரேட்டுக்கு உழைப்போரிடம் இது எளிதில் செல்லாது. எண்ணிக்கைக்குக் கூலி என்றிருக்கும்போது பத்து நிமிட ஓய்வு, பத்து நிமிடக் கூலி இழப்பு. கை தேர்ந்த ஒருவரை வேறு மெஷினுக்கு மாற்றினால் அவர் வருவாய் அன்றே குறையும். ஆகவே ஓய்வையும் மாற்றத்தையும் கூலிக் கணக்கிற்குள் சேர்க்காமல் அறிவுரை மட்டும் சொல்வது வீண். இதனைத் தொழில் நடத்தும் நம் பெரியோர்களிடம் வெளிப்படையாகவே வைக்கிறோம். பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நீதிமன்றம் சென்று வென்றபின், சுமார் 1,70,000 பேர் அதிர்வு நோய்க்கு இழப்பீடு கோரினர். அத்தொகையை நோக்கச் சக்கரம் ஒன்றைச் சமன்படுத்தும் செலவு எம்மாத்திரம்?

தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை எனலாம். உண்டு. மதமதப்பு, குறுகுறுப்பு, விறுவிறுப்பு, மரத்தல், திமிர்த்தல் என மக்கள் கைக்குச் சொல்லும் சொற்கள் பல. தமிழிலும் தக்கினி உருதுவிலும் தொழிலாளர் வழங்கும் இத்தகைய சொற்களைத் திரட்டி, எச்சொல் எந்நிலையைக் குறிக்கிறது எனப் பிரித்துத் தந்தால் மருத்துவர்க்கு அது கைவிளக்காகும். மாணவருள் பலருடைய தாயும் தமக்கையும் தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் பணிபுரிவோரே. அவர்களிடம் கேட்க வேண்டியவை சிலவே. எந்த மெஷின், நாளில் எத்தனை மணி நேரம்? வேலை முடிந்தபின் மரப்பு எவ்வளவு நேரத்தில் நீங்குகிறது? இரவில் அது உறக்கத்தைக் கலைக்கிறதா? எந்தெந்த விரலில்? இறுதியாக, பூத்தொடுக்கும்போது நார் விரலில் படுவது தெரிகிறதா?