மாடியில் லெட்யூஸ்

கேள்வி: மொட்டை மாடித் தொட்டியில் பங்குனியில் லெட்யூஸ் போட்டேன். பாதி விதை முளைக்கவே இல்லை. முளைத்ததும் நெட்டையாக வளர்ந்து கசக்கிறது. ஏன்?
– வாசகி, அச்சங்குளம்

பதில்: பங்குனியிலா? நம் விருதுநகர் வெயிலை அந்தச் செடி தாங்காதம்மா. 15 முதல் 20 டிகிரி குளுமையில் செழிப்பது அது. ஊட்டி, கொடைக்கானலில் விளைவதும் அதனால்தான். சூடு 30 டிகிரியைத் தொட்டால் பல ரக விதைகள் உறங்கிவிடும். வளர்ந்த செடியோ பூந்தண்டு விட்டுக் கசந்துவிடும்.

அடைமழை ஓய்ந்ததும், கார்த்திகைக் கடைசியில் விதையுங்கள். விதையை ஈரத்துணியில் சுற்றி ஓரிரு நாள் ஃபிரிட்ஜில் வைத்தெடுத்து, மண்மேல் தூவி லேசாக அழுத்தினால் போதும். வெளிச்சம் பட்டால் நன்றாக முளைக்கும், ஆழமாகப் புதைக்காதீர்கள். உருண்டையாகக் கட்டும் ரகம் இங்கே வீண்செலவு. உதிரி இலை ரகம் வாங்குங்கள். வெளி இலைகளை மட்டும் கிள்ளினால் திரும்பத் திரும்பத் தழைக்கும்.

கரிசல் மண்ணை மட்டும் தொட்டியில் நிரப்பினால் நீர் தேங்கும். மணலும் மட்கிய தொழுவுரமும் கலந்துகொள்ளுங்கள். போர்த் தண்ணீர் உப்பென்றால் பிடித்துவைத்த மழைநீரே நல்லது. மதியத்துக்கு நிழல்வலை கட்டுங்கள். மூடாக்குக்கு வைக்கோல் போடலாம். சும்மா கிடைக்கிறதே என்று பட்டாசுக் காகிதக் கழிவைப் போட்டுவிடாதீர்கள். வெடிமருந்து உப்புகள் அதில் ஒட்டியிருக்கலாம்.

மாசி பிறந்ததும் தொட்டியைத் தண்டுக்கீரைக்கு விட்டுவிடுங்கள்.