பிரேக் மிதித்தால் கார் ஏன் நடுங்குகிறது?

உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் மலைப்பாதையில் வரும் கார்களில் சில, பாதி வழி கடந்ததும் ஒரு விசித்திரமான நோய்க்கு ஆளாகின்றன. பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் இடவலமாக நடுங்குகிறது. மிதி காலுக்கடியில் துடிக்கிறது. காலை எடுத்தால் நடுக்கம் நின்றுவிடுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் ஒரே தீர்ப்புத்தான்: "சூட்டில் டிஸ்க் பெண்டாகிவிட்டது, கடைய வேண்டும், இல்லையேல் மாற்ற வேண்டும்." செலவு செய்து மாற்றிய பின்னும், சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அதே நடுக்கம் திரும்பி வருவதுண்டு. நோயை அறியாமல் மருந்து கொடுத்ததன் விளைவு இது. நோய் இன்னதென்று அறிய, பள்ளியில் படிக்கும் இயற்பியலே பெரும்பாலும் போதுமானது.

முதலில் பிரேக்கின் வேலை எவ்வளவு பெரியது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1,200 கிலோகிராம் நிறையுள்ள கார் ஒன்று மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 4 இலட்சத்து 63 ஆயிரம் ஜூல். காரை நிறுத்துவதென்றால், இந்த ஆற்றல் முழுவதையும் சில விநாடிகளில் வெப்பமாக மாற்றுவது என்று பொருள். கார் நிற்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால், இதில் சுமார் 70 விழுக்காட்டை முன் சக்கரங்களின் இரண்டு டிஸ்குகளும் ஏற்கின்றன. டிஸ்க் ஒவ்வொன்றும் 6 கிலோகிராம் வார்ப்பிரும்பு என்றும், அதன் தன்வெப்பம் கிலோகிராமுக்கு 500 ஜூல் என்றும் கொண்டால், ஒரே ஒரு முறை நிறுத்தினால் டிஸ்கின் வெப்பநிலை 54 டிகிரி செல்சியஸ் உயரும். ஆற விடாமல் பத்து முறை நிறுத்தினால்? பந்தயத் தடத்தில் நடப்பது ஏறத்தாழ அதுதான்.

மலைப்பாதையின் கணக்கு இன்னும் கடுமையானது. நீலகிரி மலை இரயில், மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டர் உயரத்திலிருந்து உதகையில் 2,203 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. வேறுபாடு 1,877 மீட்டர். அதே கார் இவ்வளவு உயரம் இறங்கினால் இழக்கும் நிலையாற்றல் சுமார் 2 கோடியே 20 இலட்சம் ஜூல். 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 48 முறை நிறுத்துவதற்கு இது சமம். 30 டிகிரியில் இருக்கும் 75 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த வெப்பம் போதும்! காற்றுத் தடையும் டயர் உராய்வும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஓட்டுநர் கீழ்க் கியரில் வந்தால் என்ஜின் பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும். உயர் கியரில் வைத்துப் பிரேக்கிலேயே காலை ஊன்றி வருபவருக்கு, மீதி எல்லாம் டிஸ்கின் தலையில்தான்.

இனி நடுக்கத்துக்கு வருவோம். டிஸ்க் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஒரு வட்டத் தகடு. அதன் இரு முகங்களையும் இரண்டு பேடுகள் அழுத்திப் பிடிக்கின்றன. பேடுகளைத் தாங்கும் கவ்விக்குக் காலிப்பர் என்று பெயர். மிதியை அழுத்தினால் எண்ணெயின் அழுத்தம் காலிப்பரில் உள்ள பிஸ்டனைத் தள்ள, பேடுகள் டிஸ்கைக் கவ்வுகின்றன. டிஸ்கின் கனம் சுற்றிலும் ஒரே அளவாக இருக்கும்வரை கவ்வும் விசையும் சீராக இருக்கும். ஓரிடத்தில் சிறிது கனமாக இருந்தாலோ, அந்த இடம் வரும்போதெல்லாம் பேடுகள் விலக்கப்படுகின்றன. பிஸ்டன் பின்னே தள்ளப்படுகிறது. எண்ணெயில் அழுத்தத் துடிப்பு எழுந்து மிதிக்கு வந்து சேருகிறது. அதே நொடியில் பிரேக் விசையும் கூடிக் குறைவதால் ஸ்டியரிங் ஆடுகிறது.

இதிலிருந்து ஓர் அருமையான சோதனை கிடைக்கிறது. நடுக்கத்தின் மூலம் டிஸ்கில் இருந்தால், அதன் அதிர்வெண் சக்கரத்தின் சுழற்சியோடு கட்டுண்டிருக்க வேண்டும். சாதாரணக் கார் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 20 மீட்டர்; ஆகவே சக்கரம் விநாடிக்கு 10 முறை சுழலும். கனமான இடம் ஒன்றே இருந்தால் விநாடிக்கு 10 துடிப்பு. எதிரெதிரே இரண்டு இருந்தால் 20. வேகம் 36 கிலோமீட்டராகக் குறையும்போது இவை 5 ஆகவும் 10 ஆகவும் குறைய வேண்டும். இன்றைய கைபேசிகளில் முடுக்கமானி இருக்கிறது. அதைக் கொண்டு அதிர்வெண்ணைக் காட்டும் செயலிகளும் உள்ளன. ஓட்டுநரல்லாத ஒருவர் கைபேசியை உறுதியான ஓரிடத்தில் பொருத்திப் பதிவு செய்யலாம்.

வேகத்தோடு அதிர்வெண் குறையவில்லை என்றால் டிஸ்கின் மீது பழி போட வேண்டாம். வழுக்கும் சாலையில் அவசரமாக மிதிக்கும்போது மட்டும் மிதி படபடவென்று அடித்தால், அது பெரும்பாலும் ஏ.பி.எஸ். அமைப்பின் வேலை. சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி அது அழுத்தத்தை விட்டுவிட்டுத் தருகிறது. அது நோயன்று, காவல். மிதிக்காமல் ஓடும்போதும் குறிப்பிட்ட வேகத்தில் நடுக்கம் வருமானால் சக்கரத்தின் சமநிலையைப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கில் அதிகம் தெரிந்தால் முன் சக்கரங்களையும், இருக்கையில் மட்டும் தெரிந்தால் பின் சக்கரங்களையும் முதலில் ஐயப்படலாம். 'சரியாக 80-இல்தான் ஆடுகிறது, 60-இல் இல்லை' என்று சிலர் சொல்வார்கள். ஊஞ்சலை அதன் இயல்பான காலத்துக்கு ஏற்பத் தள்ளினால் வீச்சு பெருகுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒத்ததிர்வே இங்கும் நடக்கிறது. டிஸ்கின் துடிப்பு எல்லா வேகத்திலும் இருக்கிறது. ஸ்டியரிங், சஸ்பென்ஷன் ஆகியவற்றின் இயல்பு அதிர்வெண்ணோடு அது பொருந்தும் வேகத்தில்தான் நம் கைக்குத் தெரிகிறது. தேய்ந்த சஸ்பென்ஷன் புஷ்களை மாற்றியதும் நடுக்கம் குறைவதுண்டு. ஆனால் அங்கே பறையைப் போர்த்தியிருக்கிறோமே தவிர, அடிப்பவனை நிறுத்தவில்லை.

கனத்தில் எவ்வளவு வேறுபாடு இருந்தால் நடுக்கம் தெரியும்? ஒரு மில்லிமீட்டரா, அரை மில்லிமீட்டரா? இல்லை, 0.02 மில்லிமீட்டரே பல கார்களில் போதும். தலைமயிரின் தடிமனில் பாதிகூட இல்லை. கண்ணாலோ விரலாலோ இதை அறிய முடியாது. ஆனால் உங்கள் ஆய்வகத்துத் திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர் அல்லவா? பட்டறையில் இதற்குப் பயன்படும் மைக்ரோமீட்டரும் அதே திருகுத் தத்துவத்தில் அமைந்ததுதான். டிஸ்கைச் சுற்றி எட்டு இடங்களில், விளிம்பிலிருந்து சம தூரத்தில், கனத்தை அளந்து எழுதினால் உண்மை வெளிப்பட்டுவிடும். இந்த எட்டு எண்களை எழுதாமல் டிஸ்கை லேத்துக்கு அனுப்புவதை, வெப்பமானி வைக்காமல் காய்ச்சலுக்கு மருந்து எழுதுவதாகவே நான் கருதுகிறேன்.

கனம் ஏன் வேறுபடுகிறது என்பதுதான் முக்கியமான கேள்வி. இதற்கு வெவ்வேறு விடைகள் உண்டு.

ஒன்று, டிஸ்க் கோணலாகப் பொருந்தியிருப்பது. டிஸ்கின் கனம் எங்கும் சரியாக இருந்தாலும், அது சுழலும்போது இடவலமாகச் சற்று அலையலாம். காலிப்பர் அதோடு நழுவிக்கொடுப்பதால் இந்த அலைவு உடனே நடுக்கமாகத் தெரியாது. ஆனால் பிரேக் மிதிக்காமல் ஓடும்போது, வெளியே தள்ளிய பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பேடை உரசிச் செல்கிறது. 2 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் ஒரு கிலோமீட்டரில் 500 முறை சுழலும்; 5,000 கிலோமீட்டரில் 25 இலட்சம் உரசல்கள். அந்த இடம் மட்டும் மெல்லத் தேய்கிறது. பொருத்தியபோது செய்த பிழை பல மாதங்களுக்குப் பின் நடுக்கமாக வருகிறது. அதற்குள் அந்தப் பிழையை எல்லாரும் மறந்திருப்பார்கள்!

அந்தப் பிழை பெரும்பாலும் துரும்பளவுதான். டிஸ்க் பொருந்தும் ஹப்பின் முகம் 140 மில்லிமீட்டர் விட்டமுள்ளது, டிஸ்க் 260 மில்லிமீட்டர் என்று கொள்வோம். ஹப்பின் ஓர் ஓரத்தில் 0.05 மில்லிமீட்டர் துரு ஒட்டியிருக்கிறது. டிஸ்க் அந்தத் துருவின் மேல் சாய்ந்து நிற்கும். ஒத்த முக்கோணங்களின்படி, டிஸ்கின் விளிம்பில் அலைவு 0.05 × 260 ÷ 140, அதாவது 0.09 மில்லிமீட்டருக்கு மேல். பல கார்களுக்கு அனுமதிக்கப்படும் எல்லையே 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர்தான். ஹப்பைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்யாமல் புதிய டிஸ்கைப் போட்டால் நோயையும் சேர்த்தே பூட்டுகிறோம். வீல் நட்டுகளை ஒரு பக்கமாக வரிசையாய் முறுக்காமல் எதிரெதிராக மாற்றி மாற்றி, குறித்த முறுக்கத்துக்கு இறுக்கச் சொல்வதும் இதற்காகவே. அலைவை அளக்க டயல் கேஜ் என்ற கருவி உண்டு. டிஸ்கை ஒரு சுற்றுச் சுற்றினால் முள்ளே சொல்லிவிடும்.

மற்றொரு விடை வெப்பத்தைச் சேர்ந்தது. பேடு என்பது பல பொருள்களைப் பிசினால் பிணைத்துச் செய்தது. அளவான வெப்பத்தில் அதன் மெல்லிய படலம் டிஸ்கின் மேல் சீராகப் படியும். நல்ல பிரேக்குக்கு இப்படலம் தேவையும்கூட. வெப்பம் எல்லை மீறினால் பிசின் சிதைந்து, படலம் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்கிறது. கொதிக்கும் டிஸ்கோடு காரை நிறுத்தி மிதியை அழுத்தியபடியே இருந்தால், பேடின் உருவம் முத்திரை குத்தியதுபோல் அங்கே பதிந்துவிடுவதும் உண்டு. அமெரிக்கப் பந்தயப் பொறியாளர் காரல் ஸ்மித் (1932-2003), 'வளைந்த டிஸ்க்' என்று சொல்லப்படுவது ஏறத்தாழ எப்போதும் இந்தச் சீரற்ற படிவுதான் என்று வலியுறுத்தி எழுதினார். திட்டு உள்ள இடத்தில் உராய்வு அதிகம். உராய்வு அதிகமானால் வெப்பம் அதிகம். மிகுந்த வெப்பத்தில் அங்குள்ள வார்ப்பிரும்பின் உள்ளமைப்பே மாறிக் கடினமாகிவிடும். பிறகு மேலாகக் கடைந்தாலும் அந்தக் கடினத் திட்டு மற்ற இடங்களைவிடக் குறைவாகத் தேய்ந்து மீண்டும் தலைதூக்கும்.

ஸ்மித்தின் கூற்று பெரிதும் உண்மை. ஆனால் சற்று மிகை. சூட்டில் டிஸ்க் தற்காலிகமாக உருமாறுவதும் உண்டு. ஓரிடம் இம்மியளவு மேடாக இருந்தால் அங்கே அழுத்தம் கூடுகிறது. அழுத்தத்தால் உராய்வு வெப்பம் கூடுகிறது. வெப்பத்தால் அந்த இடம் விரிந்து மேலும் மேடாகிறது. வேகம் குறைவாக இருந்தால் வெப்பம் பக்கங்களுக்குக் கடத்தப்பட்டு மேடு அடங்கிவிடும். ஒரு மாறுநிலை வேகத்தைத் தாண்டினாலோ கடத்தல் ஈடுகொடுக்க முடியாமல் மேடு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். இந்த நிலையின்மையை ஜே. ஆர். பார்பர் 1969-இல் கணித முறையில் விளக்கினார். இப்படிச் சூடேறிய டிஸ்குகளில் நீலம் பாய்ந்த புள்ளிகள் வட்டமாக வரிசையிட்டு நிற்பதைக் காணலாம். மலை இறங்கும்போது மட்டும் நடுங்கி, ஆறியதும் முற்றிலும் மறையும் நடுக்கம் இவ்வகையைச் சேர்ந்தது. ஆறிய பின்னும் தொடர்ந்தால் படிவு அல்லது தேய்வு. அப்போதுதான் மைக்ரோமீட்டருக்கு வேலை.

நடுக்கம் அச்சமூட்டுகிறது. ஆனால் அதே வெப்பத்தால் விளையும் பெரிய ஆபத்து ஓசையின்றி வருவது. டிஸ்கின் சூடு பேடு, பிஸ்டன் வழியாக எண்ணெயை அடைகிறது. டாட் 3 வகைப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது தர விதி. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய நிலைக்கு விதிக்கப்பட்ட எல்லை 140 டிகிரிதான். டாட் 4 வகைக்கு இவை 230, 155. எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். ஆகவே மிதி பஞ்சுபோல் தரைவரை இறங்கும், பிரேக்கோ பிடிக்காது. நடுங்கும் பிரேக் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. மென்மையாகிவிட்ட மிதி அப்படியன்று. இறக்கத்தில் நடுக்கம் தொடங்கிய உடனே கீழ்க் கியருக்கு மாறி, பாதுகாப்பான அகலமான இடத்தில் ஒதுங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்து, மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு அரை மணி நேரம் ஆற விட வேண்டும். டிஸ்கின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. சூடான வார்ப்பிரும்பு விரிசல் விடும். ஊர் திரும்பியதும் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்று பார்க்க வேண்டும். பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள்.