முனை முடிச்சு

காற்று வீசும் கடலில் பாய்மரப் படகு ஒன்று செல்கின்றது. பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு, ஒரு கப்பியின் வழியாக வந்து மாலுமியின் கையில் முடிகின்றது. திடீரெனப் பெருங்காற்று அடித்தால் கயிறு அவன் பிடியினின்று நழுவி ஓடும். அதன் நுனி கப்பியைக் கடந்து போய்விடுமாயின், பாய் அடங்காமல் படபடக்கும்; படகும் மாலுமியின் வசத்தில் இராது. இத்தீங்கு நேராமற் காப்பது எது? கயிற்றின் நுனியில் இட்ட சிறு முடிச்சே ஆகும். கயிறு முழுவதும் ஓடிவிடாதபடி துளையின் வாயிலில் தடுத்து நிறுத்தும் இதனை முனை முடிச்சு எனலாம். செங்குத்தான பாறையிலிருந்து கயிற்றின் துணையால் இறங்குவோரும் அதன் கடைசி நுனியில் இத்தகைய முடிச்சை இடுவர். கயிறு தரையை எட்டாதபொழுது, இறங்குபவர் நுனியைத் தாண்டி வீழாமற் காப்பது அதுவே.

முற்காலக் கயிறுகள் தேங்காய் நார், சணல், பருத்தி முதலியவற்றால் திரிக்கப்பட்டன. அவற்றின் மேற்பரப்பில் நுண்ணிய பிசிறுகள் நிறைந்திருக்கும். கிணற்றுத் தாம்புக்கயிற்றைத் தடவிப் பார்த்தோர் இதனை அறிவர். அப்பிசிறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால், எளிய முடிச்சும் அக்கயிறுகளில் பெரும்பாலும் நிலைத்து நிற்கும்.

1935ஆம் ஆண்டில் அமெரிக்க வேதியியல் அறிஞர் வாலஸ் கரோதர்ஸ் என்பவர் நைலானை உருவாக்கினார். பின்னர்ப் பாலியெஸ்டர், பாலிஎத்திலீன் முதலிய செயற்கை இழைகளாலும் கயிறுகள் செய்யப்படலாயின. இவை நீரில் நனைந்தாலும் அழுகுவதில்லை. அதே பருமனுள்ள நார்க்கயிற்றைவிட மிக்க வலிமையும் உடையன. ஆயினும் இவை வழுவழுப்பானவை. பல வகைகள் வளைத்தால் மீண்டும் நிமிர முயல்பவை. ஆகவே, பாரம் இழுக்கும்பொழுது உறுதியாகத் தோன்றும் முடிச்சு, பாரம் நீங்கிக் கயிறு ஆடும்பொழுது மெல்ல மெல்ல நெகிழும். அடுத்த இழுப்பில் அவிழ்ந்தும் போகலாம். கயிறு அறாமலே நம்மைக் கைவிட்டுவிடும்!

இதற்கு மருந்து யாது? சுற்றுகளை மிகுதியாக்குதலே. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கணித மேதை ஆய்லர், கயிற்றுக்கும் தூணுக்கும் இடையே நிகழும் உராய்வை ஆராய்ந்தார். உராய்வு எண் 0.3 உடைய சொரசொரப்பான கயிற்றைத் தூணில் ஒருமுறை சுற்றுவோம். ஒரு நுனியை 1 கிலோகிராம் எடை இழுத்துக்கொண்டிருந்தால், மறு நுனியில் ஏறத்தாழ 6.6 கிலோகிராம் எடை நழுவாமல் நிற்கும். உராய்வு எண் 0.1 மட்டுமே உடைய வழுக்குக் கயிறாயின், ஏறத்தாழ 1.9 கிலோகிராமே நிற்கும். ஆனால் அதனையே மூன்று முறை சுற்றினால் மீண்டும் 6.6 கிலோகிராம் நிற்கும். ஒவ்வொரு சுற்றும் தாங்கும் திறனைக் கூட்டுவதன்று, பெருக்குவது. முடிச்சின் அமைப்பு தூணைவிடச் சிக்கலானதாயினும், சுற்றுகள் பெருகப் பிடிப்பும் பெருகும் என்னும் உண்மை அதற்கும் பொருந்தும்.

இனி, முடிச்சிடும் முறையைக் காண்போம். கயிற்றின் நுனியருகே ஒரு வளையம் அமைத்து, நுனியை அதனுள் நுழைத்தால் ஒற்றை முடிச்சு உண்டாகும். அதனை இறுக்காமல், நுனியை அவ்வளையத்தினுள்ளே மீண்டும் ஒருமுறை நுழைக்க வேண்டும். மிகவும் வழுக்கும் கயிறாயின் மூன்றாம் முறையும் நுழைத்தல் நலம். பின்பு இருபுறமும் மெல்ல இழுத்து, சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக அமையச் செய்து, வலிந்து இறுக்க வேண்டும். முடிச்சுக்கு அப்பால் எஞ்சும் வால், கயிற்றின் பருமனைப்போல் 12 மடங்கேனும் இருத்தல் வேண்டும். 10 மில்லிமீட்டர் கயிற்றுக்கு 12 சென்டிமீட்டர் ஆகும். பாறையிலிருந்து இறங்குவோர் இதனினும் நீண்ட வால் விடுவர்.

இறுதியாக, கயிற்றைப் பலமுறை உதறியும் இழுத்தும் பார்த்தல் வேண்டும். வால் குறுகியிருப்பின் முடிச்சு நழுவுகின்றது என்று அறிந்து, அவிழ்த்து மீண்டும் இடுக. முடிச்சு, துளையைவிடப் பெரிதாக உள்ளதா என்றும் நோக்குக. உயிரைத் தாங்கும் முடிச்சாயின், பயிற்சி பெற்ற ஒருவர் சோதித்த பின்னரே அதனை நம்புதல் தகும். கயிற்றுக்கு வலிமை தருவது ஆலை. முடிச்சுக்கு உறுதி தருவது இடுபவரின் கருத்தூன்றிய கையே.