லைட் துரையின் வம்சக் கதை

பினாங்கு வழிகாட்டிகள் பயணிகளுக்குச் சொல்லும் கதைகளில், தீவில் ஆங்கிலேயக் குடியேற்றம் அமைத்த பிரான்சிஸ் லைட்டின் குடும்பக் கதைக்குத்தான் மவுசு அதிகம். இங்கிலாந்தின் சஃபோக் பண்ணையார் வீட்டு வாரிசு. கெடா ராஜகுமாரியைக் கட்டினார். சீதனமாக இந்தத் தீவு கிடைத்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

சீதனத்தை முதலில் முடித்துவிடலாம். சயாம் படையெடுத்தால் கிழக்கிந்தியக் கும்பெனி துணைக்கு வரும் என்று நம்பித்தான் கெடா சுல்தான் அப்துல்லா பேச்சுவார்த்தைக்கு இறங்கினார். 1786 ஆகஸ்ட் 11 அன்று லைட் தீவில் கொடியேற்றினார், ஆனால் கும்பெனிப் படை வரவில்லை. தீவை மீட்க சுல்தான் ஆள் திரட்டித் தோற்றார். 1791 உடன்படிக்கைப்படி கெடாவுக்கு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர். சீதன நிலத்துக்கு எந்த மருமகன் ஐயா வருஷா வருஷம் பணம் கட்டுவான்? லைட்டோடு வாழ்ந்த மார்ட்டினா ரோசெல்ஸ் அரச குலத்தவர் என்பதற்கு ஆவணம் கிடையாது. பூக்கெட் பக்கத்துப் போர்த்துகீசியக் கலப்புக் குடும்பத்தவர் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து.

பண்ணையார் வாரிசு என்பதில் பாதி உண்மை உண்டு, சிக்கலும் அங்கேதான். சஃபோக்கின் டாலிங்கூ கிராமத்தில் 1740 டிசம்பர் 15 அன்று ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை லைட். அந்தப் பெயர் தாய் மேரி லைட்டுடையது. வளர்த்து உட்பிரிட்ஜ் பள்ளிக்கு அனுப்பியவர் வில்லியம் நீகஸ் என்ற நிலக்கிழார். அவரே தந்தை என்று வரலாற்றாசிரியர் பலர் எழுதுகிறார்கள். ஆனால் மணமுடிக்காத பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைக்கு அந்நாளைய ஆங்கிலச் சட்டத்தில் தந்தைவழிச் சொத்துரிமை இல்லை. நிலக்கிழார் குடும்பங்களைத் தொகுத்து 1830களில் ஜான் பர்க் தொடங்கிய நூல் வரிசையும் தந்தை, மகன், பேரன் என்றே இறங்கும். அதில் ‘லைட்’ என்று தேடுகிறவர் வேறொரு குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் கேடயச் சின்னத்தையும் சேர்த்து மாட்டிவிடுவார். சின்னம் வழங்கப்படுவது ஒரு நபருக்கும் அவர் சந்ததிக்கும்தான். அந்தப் பெயர் வைத்த எல்லோருக்கும் அல்ல. தேட வேண்டிய இடம் திருச்சபைப் பதிவேடு. இங்கிலாந்தில் 1538 முதல் அதை எழுதச் சொல்லி ஆணை இருக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளையும் அதில் ஏறும்.

வழிகாட்டிகள் பினாங்கின் ஆயர் ஈத்தாமில் உள்ள சஃபோக் மாளிகையையும் காட்டி ‘லைட் துரை கட்டியது’ என்பார்கள். மிளகுத் தோட்டம் அவருடையது. மாளிகை அவர் 1794இல் இறந்தபின் எழுந்தது. கார்ன்வாலிஸ் கோட்டைச் சிலையின் முகமும் அவருடையதல்ல. 1936இல் சிலை செய்தபோது அவர் படம் அகப்படாததால், மகன் வில்லியமின் சாயலில் வடித்தார்கள்.

அந்த மகனும் சிறுவயதிலேயே சஃபோக்கிற்கு அனுப்பப்பட்டு, தீபர்ட்டன் பண்ணை மாளிகையில் ஜார்ஜ் டவுட்டி என்பவரிடம் வளர்ந்தவர். பின்னாளில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரை வகுத்து, அங்கே கட்டிய தன் வீட்டுக்கும் தீபர்ட்டன் என்றே பெயர் வைத்தார். டவுட்டி அவருக்கு ரத்த உறவில்லை.