வெளிநாட்டு மணமுறிவும் இந்தியச் சொத்துரிமையும்

ஒரே மனிதர் ஒரு நாட்டின் சட்டப்படி மணமுறிவு பெற்றவராகவும், மற்றொரு நாட்டின் சட்டப்படி மணவாழ்வில் தொடர்பவராகவும் இருக்க இயலுமா? இயலும். அவர் உயிருடன் இருக்கும்வரை இம்முரண் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. அவர் மறைந்த பின், வைப்புத்தொகைக்கும் வீட்டுக்கும் உரியவர் யார் என்ற கேள்வி எழும்போதுதான் அது குடும்பத்தார் முன் வந்து நிற்கிறது. பணியின் பொருட்டு வெளிநாட்டில் வாழ்வோரும், அவர்களுடைய குடும்பத்தாரும் நம் வாடிக்கையாளர்களில் பலராக இருப்பதால், இப்பொருளை இங்கு விளக்க முற்படுகிறோம். இந்து திருமணச் சட்டத்தின்கீழ் நடைபெற்ற திருமணங்களையே இக்கட்டுரையில் கருத்திற்கொள்கிறோம். பிற சமயத்தாருக்குரிய சட்டங்கள் வேறுபடும்.

சட்டம் கூறுவது என்ன?

வெளிநாட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பை இந்தியா முற்றிலும் புறக்கணிப்பதில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908-இன் 13-ஆம் பிரிவு அதனை முடிவானதாகவே ஏற்கிறது. ஆயினும் ஆறு விலக்குகளை அப்பிரிவு வகுத்துள்ளது. தீர்ப்பளித்த நீதிமன்றத்துக்கு உரிய அதிகார வரம்பு இல்லாதிருத்தல், வழக்கின் தகுதியை ஆராயாமல் தீர்ப்பளித்தல், இந்தியச் சட்டம் பொருந்த வேண்டிய இடத்தில் அதனை ஏற்க மறுத்தல், இயற்கை நீதிக்கு முரணாக விசாரணை நடத்தல், மோசடியால் தீர்ப்பைப் பெறுதல், இந்தியாவில் நடைமுறையிலுள்ள சட்டத்தை மீறியதொரு கோரிக்கையை நிலைநிறுத்துதல் ஆகியவையே அவை. இவற்றுள் ஒன்று இருப்பினும் அத்தீர்ப்பு இந்தியாவில் முடிவானதாகாது.

இப்பிரிவு மணமுறிவுக்கு எவ்வாறு பொருந்தும் என்பதை உச்ச நீதிமன்றம் 1991-ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தியது. அவ்வழக்கில் தம்பதியரின் திருமணம் 1975-இல் திருப்பதியில் இந்து முறைப்படி நடந்திருந்தது. கணவர் அமெரிக்காவின் மிசௌரி மாநில நீதிமன்றத்தில், 90 நாட்கள் அங்கு வசித்ததாகக் கூறி மணமுறிவு கோரினார். மனைவி அந்நீதிமன்றத்தின் அதிகார வரம்பை ஏற்காமல், எதிர்ப்புத் தெரிவித்தே மறுமொழி அனுப்பினார். மணவாழ்வு மீட்க இயலாதவாறு சிதைந்துவிட்டது என்ற காரணத்தால் 1980-இல் மணமுறிவு வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டே கணவர் மறுமணம் புரிந்தார். அம்மணமுறிவு இந்தியாவில் செல்லாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பு வகுத்த விதி எளியது. எச்சட்டத்தின்கீழ் திருமணம் நடந்ததோ, அச்சட்டம் ஏற்கும் நீதிமன்றமே, அச்சட்டம் ஏற்கும் காரணத்தின்மீதே மணமுறிவு வழங்க வேண்டும். இதற்கு மூன்று விதிவிலக்குகள் உண்டு. முதலாவது, எதிர்த்தரப்பினர் நிலையாக வாழும் நாட்டிலேயே வழக்குத் தொடுக்கப்பட்டு, நம் சட்டம் ஏற்கும் காரணத்தின்மீது தீர்வு வழங்கப்பட்டிருத்தல். இரண்டாவது, எதிர்த்தரப்பினர் தாமாக முன்வந்து அந்நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டு, நம் சட்டம் ஏற்கும் காரணத்தின்மீது எழுந்த வழக்கை எதிர்த்து நடத்தியிருத்தல். மூன்றாவது, மணமுறிவுக்கு அவர் இசைவு அளித்திருத்தல்.

மணவாழ்வின் மீட்க இயலாச் சிதைவு என்பது இந்து திருமணச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் மணமுறிவுக்கான காரணமாக இடம்பெறவில்லை என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 142-ஆம் உறுப்பின்கீழ் உச்ச நீதிமன்றம் மட்டுமே அக்காரணத்தின்மீது மணமுறிவு வழங்க இயலும் என்பது 2023-ஆம் ஆண்டுத் தீர்ப்பினால் உறுதிப்பட்டது. மேலைநாட்டு மணமுறிவுகள் பல அக்காரணத்தையே அடிப்படையாகக் கொண்டிருப்பதால் சிக்கல் எழுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

விளக்கத்தின் பொருட்டு ஒரு கற்பனைக் குடும்பத்தைக் கொள்வோம். இந்தியாவில் இந்து முறைப்படி மணந்த ஒருவர் பணிக்காக வெளிநாடு சென்றார். மனைவி இந்தியாவிலேயே தங்கிவிட்டார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. கணவர் வெளிநாட்டில், மனைவி முன்னிலையாகாத நிலையில், மணவாழ்வின் சிதைவைக் காட்டி ஒருதலையாக மணமுறிவு பெற்றார். பின்னர் இந்தியா திரும்பி நிலையாகக் குடியமர்ந்து, இந்து முறைப்படி மறுமணம் செய்து, இரு குழந்தைகளுக்குத் தந்தையானார். தம் உழைப்பில் புனே நகரில் ஒரு வீடு வாங்கினார். வங்கியில் 40 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை இட்டு, இரண்டாம் மனைவியை நியமனதாரராகப் பதிவு செய்தார். உயில் எழுதாமலே மறைந்தார். அவருடைய தாயார் உயிருடன் இருக்கிறார்.

மணமுறிவு செல்லாதெனில், முதல் திருமணம் அவர் மறையும்வரை நிலைத்திருந்தது. துணை உயிருடன் இருக்கையில் செய்யப்படும் மறுமணம் இந்து திருமணச் சட்டத்தின் 5 மற்றும் 11-ஆம் பிரிவுகளின்படி தொடக்கம் முதலே செல்லாதது. எனவே இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956 கூறும் விதவை என்ற நிலை முதல் மனைவிக்கே உரியது. பல ஆண்டுகள் உடன் வாழ்ந்து குடும்பத்தைப் பேணிய இரண்டாம் மனைவி வாரிசுப் பட்டியலில் இடம்பெறமாட்டார்.

குழந்தைகளின் நிலை வேறு. இந்து திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, செல்லாத் திருமணத்தில் பிறந்த குழந்தைகளையும் சட்டமுறையான குழந்தைகளாகவே கொள்கிறது. பெற்றோரின் சொத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு. பிற உறவினர் சொத்தில் இல்லை. கூட்டுக் குடும்பச் சொத்தில், பாகப்பிரிவினை நடந்ததாகக் கருதினால் தந்தைக்கு எப்பங்கு கிட்டுமோ, அப்பங்கிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என உச்ச நீதிமன்றம் 2023-இல் விளக்கியது.

ஆகவே நம் எடுத்துக்காட்டில் முதல் மனைவி, தாயார், இரு குழந்தைகள் ஆகிய நால்வரே முதல் வகுப்பு வாரிசுகள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு. வைப்புத்தொகையில் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய்.

மனைவிக்கும் இதே இடர் உண்டு. வெளிநாட்டில் மணமுறிவு பெற்ற ஒரு பெண் உயில் எழுதாமல் மறைந்து, அம்மணமுறிவு இந்தியாவில் ஏற்கப்படாவிடில், பல ஆண்டுகளுக்கு முன் பிரிந்த கணவரே அவருடைய குழந்தைகளுடன் சேர்ந்து பங்கு கோர இயலும்.

வங்கியின் நிலை

நியமனதாரராகப் பதிவு பெற்றவரே உரிமையாளர் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45-இசட்ஏ பிரிவின்படி நியமனதாரருக்குத் தொகையை அளித்தவுடன் வங்கியின் பொறுப்பு நிறைவுறுகிறது. ஆனால் அத்தொகையைப் பெற்றவர் வாரிசுகளின் சார்பில் வைத்திருப்பவரே ஆவார். மேற்கண்ட எடுத்துக்காட்டில், 40 லட்சம் ரூபாயை இரண்டாம் மனைவியிடம் வங்கி அளிக்கும். அதனை நால்வருக்கும் பகிர வேண்டிய கடமை அவருடையது.

உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்த்த ஒரு வழக்கு இதனை உணர்த்துகிறது. முதல் மனைவி உயிருடன் இருக்க, இரண்டாம் மனைவியைத் தம் பணப்பயன்களுக்கு நியமனதாரராக்கி மறைந்த ஊழியர் ஒருவரின் வழக்கு அது. வாரிசுரிமைச் சான்று இரண்டாம் மனைவிக்கு வழங்கப்பட்டது. எனினும் முதல் மனைவியின் ஐந்தில் ஒரு பங்கைக் காத்து அவரிடம் ஒப்படைக்க வேண்டுமென நிபந்தனை விதிக்கப்பட்டது. எஞ்சிய நான்கு பங்குகள் இரண்டாம் மனைவியின் நான்கு குழந்தைகளுக்குரியவை.

மற்றொன்றையும் தெரிவிக்க விரும்புகிறோம். வைப்புத்தொகைமீது தமக்கு உரிமை உண்டு எனப் பிறர் அனுப்பும் கடிதத்தை ஏற்று வங்கி தொகையை நிறுத்திவைக்க இயலாது. 45-இசட்பி பிரிவு அதற்கு இடமளிப்பதில்லை. உரிய நீதிமன்றத்தின் ஆணையை மட்டுமே வங்கி கருத்திற்கொள்ளும். சட்டமுறையான துணைவர் யார் என்பதைத் தீர்மானிப்பதும் வங்கியின் பணியன்று. ஆகவே உரிமை கோருவோர் காலம் தாழ்த்தாமல் நீதிமன்றத்தை அணுகுவதே முறை.

செய்ய வேண்டியவை

வெளிநாட்டில் மணமுறிவு பெற்றவர்கள் முதலில் அத்தீர்ப்பாணையின் சான்றளிக்கப்பட்ட நகலைப் பெற்று வைத்திருக்க வேண்டும். ஒளிநகல் மட்டும் போதாது. எக்காரணத்தின்மீது மணமுறிவு வழங்கப்பட்டது, எதிர்த்தரப்பினர் இசைந்தாரா, வழக்கில் கலந்துகொண்டாரா என்பவற்றை வழக்கறிஞர் துணையுடன் ஆராய வேண்டும். ஐயம் இருப்பின், மறுமணத்துக்கு முன்பே தீர்வு காண்பது நன்று. இருவரும் இசைந்தால் இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவின்கீழ் இந்தியாவில் ஒருமித்த மணமுறிவு பெறலாம். இசைவு இல்லையெனில், ஒருவரின் மணநிலையை அறிவிக்குமாறு குடும்ப நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க, குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 1984-இன் 7-ஆம் பிரிவு வழிசெய்கிறது.

மறுமணம் செய்துகொண்டவர்கள் உயில் எழுதுவதை ஒத்திப்போடலாகாது. தாம் ஈட்டிய சொத்தை விரும்பியவருக்கு உயில் வழியாக அளிக்கும் உரிமை அனைவருக்கும் உண்டு. அதனைப் பெறுபவர் சட்டமுறையான துணைவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனவே உயிலில் ‘என் மனைவி’ என்று மட்டும் எழுதாமல், பெயரையும் முகவரியையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் வரும் கணவர் இவ்வாறோர் உயில் எழுதியிருப்பின், இரண்டாம் மனைவி தாம் வாழ்ந்த வீட்டிலேயே உரிமையின்றி நிற்க நேர்ந்திராது.

இந்தியாவில் வாழும் துணைவருக்கு வெளிநாட்டு நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தால், அதனைப் பெட்டியில் வைத்து மறந்துவிடலாகாது. பதில் அனுப்புவதும் எதிர்த்து வழக்காடுவதும் வெவ்வேறு சட்ட விளைவுகளை உடையவை. இசைவுக் கடிதத்தில் கையொப்பமிட்டால் பின்னர் மறுப்பது கடினம். ஆதலால் எதனையும் எழுதுமுன் வழக்கறிஞரின் கருத்தைப் பெறுதல் வேண்டும்.

இறுதியாக, ஒவ்வொரு வாடிக்கையாளரும் தம் கணக்குகளின் நியமனப் பதிவையும் உயிலையும் ஒருசேர வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறோம். 2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்குகளில் நான்கு பேர் வரை நியமிக்கும் வசதி உள்ளது. மணவாழ்வில் மாற்றம் நேர்ந்த ஒவ்வொரு முறையும் இப்பதிவுகளைப் புதுப்பிப்பது சிறிய பணியே. அதனைச் செய்யாது விட்டால் எழும் வழக்கின் சுமையை, அவ்வழக்குக்குக் காரணமாகாத குழந்தைகளும் முதியோருமே சுமக்க நேரிடும்.